அழும் பிள்ளைக்கு முதலில் துணியைக் கழற்றிப் பாருங்கள்

வாசகர் கேள்வி - பதில்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கமிருந்து வந்த கடிதங்களில் சிறுபிள்ளைகளின் அழுகை பற்றியவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். குழந்தை மருத்துவத்திலும் பாலூட்டல் ஆலோசனையிலும் பணிசெய்பவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

*

என் பையனுக்கு அஞ்சு வாரம் ஆகுதுங்க. பகல்ல நல்லாத்தான் இருக்கறான். பொழுதோட ஆறு மணிக்கு ஆரம்பிச்சா ஒன்பது வரைக்கும் அழுகைதான். பால் குடுத்தா ரெண்டு வாய் குடிச்சுட்டு விட்டுட்டு மறுபடியும் அழுகறான். பால் பத்தலை, டப்பாப் பால் கலக்கிக் குடுன்னு அத்தை சொல்றாங்க. உரம் விழுந்திருக்குது, எடுக்கோணும்னு பக்கத்து வீட்டு ஆத்தா சொல்றாங்க. எதைங்க நம்பறது?
- பெருந்துறை வாசகி

முதலில் பால். அது போதுகிறதா என்பதை அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. சிறுநீரையும் எடையையும் வைத்துச் சொல்லலாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை 24 மணி நேரத்தில் 6 தடவைக்குக் குறையாமல் நிறமில்லாத சிறுநீர் கழிக்க வேண்டும். முதல் 3 மாதங்களில் நாளுக்கு 25 முதல் 30 கிராம், அதாவது வாரத்துக்கு ஏறக்குறைய 200 கிராம் எடை கூடவேண்டும். துணை சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ, ஒரே தராசில், துணியில்லாமல், ஒரு வாரம் விட்டு இரண்டு முறை எடை பாருங்கள். இவை இரண்டும் சரியென்றால் பால் போதுகிறது.

அஞ்சாவது வாரத்தில் மார்பு முன்போலக் கனக்காது. அதைப் பார்த்துத்தான் பல வீடுகளில் பால் வற்றிவிட்டது என்று பயப்படுகிறார்கள். ஆரம்பத்து வீக்கம் வடிந்து, பிள்ளை குடிக்கும் அளவுக்குச் சுரப்பு ஒத்துப்போய்விட்டது என்பதே அதன் பொருள். மாலையில் அரைமணிக்கொரு தரம் மார்பைத் தேடுவதும் இந்த வயதுக்கு இயல்பு. அந்த நேரத்தில் டப்பாப் பால் கொடுத்தால் பிள்ளை மார்பில் குடிப்பது குறையும். குடிப்பது குறைந்தால் சுரப்பு குறையும். பத்துப் பதினைந்து நாளில் பால் உண்மையாகவே போதாமல் போகும். அத்தைக்கு இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். எடைச் சீட்டைக் காட்டிச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்.

அடுத்து அழுகை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசில்டன் 80 பிள்ளைகளின் தாய்மாரைக் குறிப்பெழுத வைத்து 1962-ல் வெளியிட்ட ஆய்வில், 2 வார வயதில் நாளுக்குச் சுமார் 1¾ மணி நேரமாக இருந்த அழுகை 6-ஆம் வாரத்தில் 2¾ மணி நேரமாக ஏறியது, அதற்கப்புறம் இறங்கியது. அழுகை கூடியது மாலையில்தான். உங்கள் பையனுக்கு இன்னும் ஒரு வாரம் அழுகை கூடலாம் என்று வீட்டில் எல்லோரிடமும் இப்போதே சொல்லிவையுங்கள். 3, 4 மாதத்தில் தானாக அடங்கும். நன்றாகக் குடித்து எடை கூடும் பிள்ளை, நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் இப்படி அழுதால் அதைக் கோலிக் என்கிறோம். வெஸ்ஸல் என்ற மருத்துவர் 1954-ல் வகுத்த கணக்கு இது. அழும்போது காலை மடக்குவதையும் காற்று விடுவதையும் பார்த்து வயிற்று வலி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அழும் பிள்ளை காற்றை விழுங்கும்; பல சமயம் அழுததால்தான் வாயு, வாயுவால் அழுகை அல்ல.

அழுகை தொடங்கிய பிறகு அடக்குவதைவிட, தொடங்குமுன் ஆயத்தமாவது எளிது. ஐந்தரை மணிக்கே டிவியை நிறுத்துங்கள், விளக்கைக் குறையுங்கள். ஒறம்பரை வந்திருந்தால் பிள்ளையை ஒவ்வொருவர் மடியாக மாற்றிக் கொடுக்காதீர்கள். ஒரு பக்க மார்பை முழுதாகக் குடிக்கவிட்டு, தோளில் நிமிர்த்தி வைத்து முதுகை இரண்டு மூன்று நிமிடம் நீவுங்கள். ஏப்பம் வராவிட்டால் அதற்காக அரைமணி நேரம் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். பிறகு நெஞ்சோடு நெஞ்சாகச் சேர்த்து, ஒரு கை புட்டத்தின் அடியிலும் ஒரு கை கழுத்துக்குப் பின்னாலும் வைத்து, நிற்காமல் ஒரே சீராக 5 நிமிடம் நடங்கள். தூங்கிவிட்டால் உடனே கிடத்தாதீர்கள். உட்கார்ந்து 5 முதல் 8 நிமிடம் அப்படியே வைத்திருந்து பிறகு கிடத்துங்கள். ஜப்பானின் ரிக்கன் ஆய்வு நிறுவனத்தார் 2022-ல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கணக்கைத்தான் தந்தது. பாயில் முதுகு படுவதால் அல்ல, நம் உடம்பை விட்டுப் பிரியத் தொடங்கும் கணத்தில்தான் பிள்ளை விழித்துக்கொள்கிறது என்பது அவர்கள் கண்டது.

பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு அவசரம். அரை நிமிடம் ஆட்டுவது, அரை நிமிடம் கிலுகிலுப்பை, உடனே வாசலுக்குத் தூக்கிப்போவது, விளக்கைக் காட்டுவது. ஏற்கெனவே திணறும் பிள்ளைக்கு ஒவ்வொன்றும் புதிய தொல்லை. எந்த முறையானாலும் 5 நிமிடமாவது மாற்றாமல் செய்யுங்கள்.

உரம் எடுப்பதற்காகச் சேலையிலோ முறத்திலோ போட்டு உருட்டுவதும், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும் வேண்டவே வேண்டாம். அஞ்சு வாரப் பிள்ளைக்குக் கழுத்து நிற்காது. தலையை எப்போதும் ஒரே பக்கம் சாய்த்து வைத்தாலும், கழுத்தில் உருண்டையாகத் தட்டுப்பட்டாலும் அது கழுத்துத் தசை இறுக்கமாக இருக்கலாம்; மருத்துவர் சொல்லித்தரும் பயிற்சியால் சரியாகும். ஒரு கையையோ காலையோ மட்டும் அசைக்காமல், தொட்டாலே அலறினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

*

தூக்கித் தூக்கி வெச்சா கைப்பழக்கம் ஆயிரும்கறாங்க. நெசமுங்களா?
- கோபிசெட்டிபாளையம் வாசகி

முதல் சில மாதங்களில் அப்படி எந்தப் பழக்கமும் வராது. கனடாவின் மான்ட்ரியலில் ஹன்சிகர், பார் இருவரும் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், அழுதாலும் அழாவிட்டாலும் நாளுக்குக் குறைந்தது 3 மணி நேரம் பிள்ளையைச் சுமக்கும்படி ஒரு பகுதித் தாய்மாரைக் கேட்டுக்கொண்டார்கள். 6 வார வயதில் அந்தப் பிள்ளைகளின் அழுகை மற்றவர்களின் பிள்ளைகளைவிட 43 விழுக்காடு குறைவாக இருந்தது. அழாதபோதும் தூக்கிவைத்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கோலிக் முற்றிய பிறகு தொடங்கிய பிள்ளைகளிடம் இதே முறை அந்த அளவு பலிக்கவில்லை. உங்களுக்குக் கை வலித்தால் அப்பாருவிடமும் (தாத்தா) பிள்ளையின் அப்பாவிடமும் கொடுங்கள்.

*

எட்டு வாரப் பாப்பாவுங்க. நேத்து ராத்திரி திடீர்னு வீறிட்டு அழுக ஆரம்பிச்சுது. பால் வேண்டாம்ங்குது, தூரில (சேலைத் தொட்டில்) போட்டாலும் நிறுத்தலை. கிரைப் வாட்டர் குடுத்தோம், மிளகாய் சுத்திப் போட்டோம். காலைல காலுறையைக் கழட்டிப் பார்த்தா ரெண்டாவது விரல் செவந்து வீங்கி, ஒரு நூல் சுத்தியிருந்துது. எடுத்துட்டோம். இனி என்ன பார்க்கோணும்?
- திருப்பூர் வாசகர்

நல்ல வேளை, காலையிலாவது பார்த்தீர்கள். இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பிரசவமாகி இரண்டு மாதத்துக்கு மேல் தாய்க்கு முடி கொத்தாக உதிரும். உதிர்ந்த முடியோ, காலுறைக்குள் தொங்கும் ஓவர்லாக் தையலின் நூல் நுனியோ, விரல் அசைய அசையச் சுற்றி இறுகும். ஈரத்தில் நீண்டு, காய்ந்ததும் சுருங்குவது முடியின் குணம். குளிக்கும்போது தளர்வாக இருந்தது பிறகு கத்திபோல வெட்டும். உங்கள் ஊரில் எக்ஸ்போர்ட் மிச்சத்தில் வாங்கும் காலுறை, கையுறை எல்லாவற்றையும் உள்பக்கம் வெளியே திருப்பி, நீண்ட நூலைக் கத்தரித்துவிட்டுப் போடுங்கள். இன்னும் நல்லது, கையுறையே வேண்டாம்; நகத்தை வெட்டிவிட்டால் போதும்.

நூலை எடுத்த பின் சில மணி நேரத்தில் விரலின் நிறம் திரும்ப வேண்டும். வீக்கம் வடியவில்லையென்றால் உள்ளே இன்னொரு இழை இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். இழை கண்ணுக்குத் தெரியாமல் தோலுக்குள் புதைந்திருந்தால், அல்லது விரல் நீலமாகவோ கறுப்பாகவோ இருந்தால், வீட்டில் கிளறவே வேண்டாம். முடி நீக்கும் கிரீமைத் தடவினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வது முடிக்கு மட்டும் பொருந்தும். பருத்தி நூலையும் பாலியெஸ்டர் நூலையும் அது கரைக்காது.

பால், தூக்கம், ஈரத்துணி மூன்றும் காரணமில்லை என்று தெரிந்தபின்னும் அழுகை நிற்காவிட்டால், வாயில் எதையும் ஊற்றுமுன் பிள்ளையை நல்ல வெளிச்சத்தில் முழுக்கத் துணி கழற்றிப் பாருங்கள். உச்சிக்குழியில் தொடங்குங்கள், நிமிர்த்திப் பிடித்து, அழுகை ஓய்ந்த இடைவெளியில் அது புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கண் மட்டும் சிவந்து நீர் வடிந்தால் நகம் கீறியிருக்கலாம். நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் இருந்தால் பூஞ்சைப் புண். அது இருந்தால் குடிக்கும்போதே அழும். கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் பாலும் பவுடரும் சேர்ந்து புண்ணாகியிருக்கும். இடது தோளில் காசநோய்க்கான பிசிஜி ஊசி போட்ட இடம் தடித்தோ லேசாகச் சீழ் கோத்தோ இருப்பது இந்த வயதில் இயல்பு, அதைப் பிதுக்கக் கூடாது. அரைஞாண் கயிறு, தண்டை, கறுப்பு வளையல் இவற்றுக்கு அடியில் உங்கள் சுண்டுவிரல் தாராளமாக நுழைகிறதா? பிள்ளை வாராவாரம் வளர்கிறது, கயிறு வளர்வதில்லை. பிறகு தொடை இடுக்கு. அங்கே புடைப்பு தோன்றி, அமுக்கினாலும் உள்ளே போகாமல் கெட்டியாக இருந்தால் குடலிறக்கம், இரவானாலும் உடனே கிளம்பவேண்டியது. விதைப்பையின் ஒரு பக்கம் சிவந்து வீங்கினாலும் அப்படியே. ஆண்குறியைச் சுற்றியும் முடி இறுகும், அதையும் விலக்கிப் பாருங்கள். கடைசியாகக் கை கால் விரல்கள் இருபதும், ஒவ்வொரு விரலிடுக்கும். எறும்புக் கடியும் உண்ணிக் கடியும் இந்தச் சோதனையில்தான் அகப்படும். மொத்தம் 3 நிமிடம் ஆகும்.

*

எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே தறிக்குடோன். தறி ஓடறப்ப பாப்பா நல்லாத் தூங்கறா. கரண்ட் போய்த் தறி நின்னா உடனே எந்திரிச்சு அழுகறா. குடோனுக்குள்ளயே தூரி கட்டிப் போடலாமுங்களா?
- சோமனூர் வாசகி

வேண்டாம். ஒரே சீரான இரைச்சல் மற்றச் சத்தங்களை மூடிவிடுவதால் பிள்ளை தூங்குகிறது. அது சட்டென்று நிற்பதுதான் எழுப்புகிறது. ஆனால் விசைத்தறிக் கூடத்தின் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். பெரியவர்களுக்கே நாள் கணக்கில் கேட்டால் காது மந்தமாகும் அளவு அது. பச்சைப் பிள்ளை தூங்கும் இடத்தில் 50 டெசிபலுக்குள் இருப்பது நல்லது. மின்விசிறி ஓடும் சத்தம் போதும். கருவி இல்லாமல் பார்க்க ஒரு வழி: ஒரு கை தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேசவேண்டியிருக்கிறதென்றால் அந்த இடம் பிள்ளைக்கு ஆகாது. பஞ்சுத் தூசி வேறு. தறியிலிருந்து தள்ளியிருக்கும் அறையில், அந்தப் பக்கத்து ஜன்னலை மூடிவைத்துக் கிடத்துங்கள்.

தூரி பற்றியும் சொல்லவேண்டும். சேலையில் கிடத்தும்போது தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழல் மடங்கும். முகம் எப்போதும் திறந்து, தாடைக்கும் நெஞ்சுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி இருக்கவேண்டும். பெரியவர் கண்பார்வையில் இருக்கும்போது மட்டும் தூரி. இரவுத் தூக்கத்துக்குக் கெட்டியான சமதளத்தில், மல்லாக்க. பிள்ளை புரளத் தொடங்கியதும் தூரியை அவிழ்த்துவிடுங்கள். வெறும் தூரியைத் தொங்கவிட்டுவைக்காதீர்கள். மூத்த பிள்ளைகள் அதில் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகி இறந்த செய்திகள் நம் மாநிலத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன.

*

பேத்திக்கு ரெண்டு மாசம். வசம்பு, ஜாதிக்கா, மாசிக்கா, கடுக்கா எல்லாம் ஒரசி வாரம் ஒருக்கா உரைமருந்து குடுக்கறது எங்க வழக்கம். இப்ப மகள் வேண்டாம்ங்கறா. நாங்கெல்லாம் இதைக் குடுத்துத்தானே பொழைக்க வெச்சோம்?
- காங்கயம் வாசகி

ஆத்தா, நீங்கள் வளர்த்த காலத்தில் பக்கத்தில் மருத்துவமனை இல்லை, கையில் இருந்ததை வைத்துக் காப்பாற்றினீர்கள். அதைக் குறைத்துச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஆனாலும் இந்த விஷயத்தில் உங்கள் மகள் பக்கம்தான் நாங்கள்.

முதல் சிக்கல் அளவு. உரசும்போது கல்லில் எவ்வளவு இறங்குகிறது என்று யாராலும் அளக்க முடியாது. ஜாதிக்காய் அதிகமானால் மயக்கம் தரும். பிள்ளை அழாமல் தூங்குவதைப் பார்த்து மருந்து கேட்டது என்று நினைப்போம். வசம்பில் உள்ள பீட்டா-அசரோன் என்ற பொருள் நஞ்சு. இரண்டாவது சிக்கல், உரசும் கல்லும் தண்ணீரும். அதில் ஒட்டியிருக்கும் கிருமி இரண்டு மாதக் குடலுக்குப் போதும். மூன்றாவது சிக்கல் ஊற்றும் விதம். பாலாடை நல்ல கருவி. மருத்துவமனைகளிலேயே பீய்ச்சிய தாய்ப்பாலை அதில்தான் புகட்டுகிறார்கள். ஆனால் மூக்கைப் பிடித்து, வாய்விட்டு அழும்போது ஊற்றினால் திரவம் நுரையீரலுக்குப் போகும். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும் இப்படித்தான். எண்ணெய் நுரையீரலில் தங்கி நிமோனியா ஆகும். சாம்பிராணிப் புகையையும் விட்டுவிடுங்கள், மூக்கடைப்பும் இருமலும் அதனால் கூடுகின்றன.

கிரைப் வாட்டருக்கும் இதே பதில்தான். இனிப்பு நாக்கில் பட்டதும் ஒரு கணம் அழுகை நிற்கும், அவ்வளவுதான். பாலுக்கான இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தெருவில் கறந்து விற்கும் கழுதைப் பால் காய்ச்சாத பால். கிருமித் தொற்று வரும். தேன் ஒரு வயது முடியும்வரை நாக்கில் தொட்டும் வைக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமியின் வித்து பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். மலம் கட்டும், உடல் துவளும், அழுகுரல் தேய்ந்துபோகும். 6 மாதம் முடியும்வரை தாய்ப்பாலும் மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தும் தவிர வேறெதுவும் வேண்டாம், தண்ணீர்கூட. சித்திரை வெயிலிலும் தாய்ப்பாலில் இருக்கும் நீர் போதும்.

உங்கள் கைக்கு வேறு வேலை இருக்கிறது. பால் குடித்து முக்கால் மணி கழித்து, பிள்ளை தெளிவாக இருக்கும்போது, தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து, தொப்புளைச் சுற்றிக் கடிகாரம் சுற்றும் திசையில் மெதுவாக நீவுங்கள். இரண்டு காலையும் மடக்கி வயிற்றோடு சேர்த்து, எண்ணி அஞ்சு வரை பிடித்து விடுங்கள். இதில் காற்று பிரியும். இந்தப் பக்குவம் உங்கள் வயதுக்காரர்களுக்கு வருவதுபோல இளையவர்களுக்கு வருவதில்லை.

*

ஆறாவது வார ஊசி போட்டதுல இருந்து அழுகை. நர்ஸம்மா குடுத்த சொட்டு மருந்து தீந்துபோச்சு. மூத்தவனுக்கு வாங்கின சிரப் இருக்குது. அதைக் குடுக்கலாமுங்களா?
- கரூர் வாசகி

நிறுத்துங்கள்; இங்கேதான் பெரிய தவறுகள் நடக்கின்றன. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லியில் 125 அல்லது 250 மில்லிகிராம். 5 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் 75 மில்லிகிராம். சொட்டு மருந்தானால் 0.75 மில்லி, 125 சிரப்பானால் 3 மில்லி. சிரப்பின் அளவை நினைவில் வைத்துச் சொட்டு மருந்தை 3 மில்லி ஊற்றிவிட்டால் நான்கு மடங்கு போய்விடும், கல்லீரல் பாதிக்கும். கிராம சுகாதார செவிலியருக்கு ஃபோன் செய்து, கையிலிருக்கும் பாட்டிலில் எழுதியிருப்பதை வாசித்துக்காட்டி அளவு கேளுங்கள். இரண்டு வேளைக்கு நடுவில் 6 மணி நேரம் விடுங்கள்.

ஊசி போட்ட தொடையில் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை வைக்கலாம். தேய்க்கவோ சூட்டு ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம். காய்ச்சலும் சிணுங்கலும் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதற்கு மேல் போனாலும், விடாமல் 3 மணி நேரம் அழுதாலும், குடிப்பதை நிறுத்தினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்தது 10-ஆம் வாரம். ஊசி போடும்போதே மார்பில் போட்டுக் குடிக்க வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறை இது, அழுகை பாதியில் நின்றுவிடும்.

*

பையனுக்கு ஒண்ணேகால் வயசு. கேட்டதைக் குடுக்கலைன்னா ஓவுன்னு அழுதவன் அப்படியே மூச்சு நின்னு, ஒதடு நீலமாயி, தொவண்டு போயிர்றான். உசுரே போகுதுங்க. இரும்புச் சாவியைக் கைல குடுக்கறோம், மூஞ்சில தண்ணி அடிக்கறோம்.
- நாமக்கல் வாசகர்

பார்க்கப் பயங்கரம்தான், ஆனால் வலிப்பு நோய் அல்ல. அழுகையில் காற்று முழுவதையும் வெளியே விட்டுவிட்டு உள்ளே இழுக்காமல் நிற்கிறான். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு தானாகத் திரும்பும். அவன் வேண்டுமென்று செய்வதில்லை. தரையில் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் உணவு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். மூச்சு வந்ததும் சாதாரணமாகத் தூக்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் அடித்தால் அது மூச்சுக்குழலில் போகலாம். சாவியால் பயனில்லை. உலுக்கக் கூடவே கூடாது. ஒரு நிமிடம் தாண்டியும் மூச்சு வராவிட்டால் 108.

இவர்களில் பலருக்கு இரும்புச்சத்து குறைவாக இருக்கும், அதைச் சரிசெய்தால் இப்படி மூச்சு நிற்பது குறையும். ரத்தத்தில் ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் மாடு இருக்கிறதென்று நாளுக்கு ஒரு லிட்டர் பால் கொடுக்கும் வீடுகளில் இதை அதிகம் காணலாம். அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். ஈரல், கோழிக்கறி, கீரையோடு எலுமிச்சை கொடுங்கள். உங்கள் ஊர் முட்டை நல்ல உணவுதான், இரும்புச்சத்துக்கு அதை மட்டும் நம்பாதீர்கள். 6 மாதம் முதல் 5 வயதுவரை வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்து சிரப் அரசு தருகிறது, அங்கன்வாடியில் கேளுங்கள். பயந்துகொண்டு கேட்டதையெல்லாம் கொடுக்கத் தொடங்காதீர்கள். மறுத்ததை மறுத்தபடியே வையுங்கள். அழாமலே, அல்லது தூக்கத்திலோ ஓடும்போதோ இப்படி ஆனாலும், நீலமாகாமல் வெளுத்துப்போனாலும் இதயத்துக்கு ஈசிஜி எடுக்கவேண்டும்.

*

ரெண்டேகால் வயசுப் பொண்ணை அங்கன்வாடில உட்டுட்டு மில்லு வேலைக்குப் போறேன். தெனமும் காலைப் புடிச்சுட்டு அழுகறா. தெரியாம நழுவிப் போயிரலாமுங்களா?
- உடுமலை வாசகி

நழுவாதீர்கள். நீங்கள் எந்த நேரமும் மறைந்துவிடலாம் என்று கற்றுக்கொள்ளும் பிள்ளை வீட்டிலும் முந்தானையை விடாது. தினமும் ஒரே சொல், ஒரே முத்தம், அரை நிமிடத்தில் முடித்துத் திரும்பிப் பார்க்காமல் போங்கள். மணி சொன்னால் அவளுக்குப் புரியாது; சோறு தின்னு, தூங்கி எந்திரிச்சதும் அம்மா வருவேன் என்று சொல்லுங்கள், அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள். ஷிப்டு மாறும் வாரம் அமுச்சிதான் (அம்மாவின் அம்மா) வருவார் என்றால் அதையும் முதல் நாளே சொல்லுங்கள். நீங்கள் போய்ப் பத்து நிமிடத்தில் விளையாடப் போய்விடுகிறாளா என்று பணியாளரிடம் கேளுங்கள். அப்படியென்றால் சில வாரங்களில் சரியாகும். நாள் முழுக்க அழுது சாப்பிடாமலே இருந்தால், அல்லது ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு மட்டும் பயந்தால், காரணத்தை விசாரியுங்கள். தேவையானால் குழந்தைகள் உதவி எண் 1098.

*

ராத்திரி மூணு மணிக்கு அழுகறப்ப ஒரு நிமிசம் புள்ளையைப் போட்டு உலுக்கிரலாம்போல ஆத்திரம் வருது. நான் கெட்ட அம்மாவுங்களா?
- கோவை வாசகி

இல்லை. தூக்கம் இல்லாத எவருக்கும் வரும் எண்ணம் இது. சொன்னது நல்லது. அந்த நிமிடத்தில் செய்யவேண்டியது ஒன்றுதான்: தரையில் விரித்த பாயில் பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, அக்கம்பக்கத்தில் தலையணை இல்லாமல் பார்த்துக்கொண்டு, அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். பத்து நிமிடம் அழுதால் பிள்ளைக்கு எதுவும் ஆகாது. உலுக்கினால் சில நொடியிலேயே மூளையின் ரத்தக்குழாய் அறுந்து பார்வை போகலாம், உயிரே போகலாம்; தலை கனம், கழுத்து வலுவில்லை. முகம் கழுவிவிட்டு வாருங்கள், அல்லது வீட்டில் இருப்பவரை எழுப்புங்கள்.

இதை உங்கள் கணவர் படிக்கவேண்டும்: இரவில் ஒரு பகுதியாவது, தொடர்ந்து 4 மணி நேரம், அவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு பால் கொடுக்க மட்டும் உங்களை எழுப்பட்டும். பிள்ளை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையாக வந்தால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு, மருத்துவத்தால் குணமாகும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். உங்களையோ பிள்ளையையோ எதாவது செய்துவிடுவோம் என்ற எண்ணம் விடாமல் வந்தால், காதில் குரல் கேட்டால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும், தனியாக இருக்கவேண்டாம்.

*

நாங்க தோட்டத்துச் சாளைல குடியிருக்கறோம். டவுனுக்குப் போகோணும்னா முக்கால் மணி நேரம். ராத்திரில எந்த அழுகைக்கு விடியறவரைக்கும் பொறுக்கலாம், எதுக்குப் பொறுக்கக் கூடாதுங்க?
- தாராபுரம் வாசகர்

அழுகையின் சத்தத்தைவிட, அழாத இடைவெளியில் பிள்ளை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இடையில் முகம் பார்த்து, பால் குடித்து, சிறுநீர் போனால் விடியும்வரை பொறுக்கலாம். வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்கட்டும். 3 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்தால், வேறு எதுவும் இல்லாவிட்டாலும் அந்நேரமே கிளம்புங்கள்.

பச்சையாக வாந்தி, உச்சிக்குழிப் புடைப்பு, மூச்சிழுக்கும்போது விலாவுக்கு அடியில் குழி விழுவது, 8 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது, எழுப்பினாலும் எழாத துவட்சி, கீச்சென்றோ முனகலாகவோ மாறிய குரல், இவற்றில் எது இருந்தாலும் பொறுக்கக் கூடாது. பலத்த அழுகையைவிட, அழக்கூடத் தெம்பில்லாத பிள்ளைதான் எங்களை அதிகம் பயமுறுத்தும்.

இன்னொன்று குறிப்பாகத் தெரிந்திருக்கவேண்டும். 3 மாதம் முதல் 3 வயதுக்குள், அதிலும் முதல் வயதின் பின்பாதியில், குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் சொருகிக்கொள்வது உண்டு. பிள்ளை திடீரென்று காலை மடக்கி வீறிடும், முகம் வெளுக்கும், சில நிமிடத்தில் ஓய்ந்து துவண்டு கிடக்கும். கால்மணி, இருபது நிமிடம் கழித்து மறுபடியும் அதேபோல வீறிடும். நடுவில் அமைதியாவதால் சரியாகிவிட்டது என்று ஏமாந்துபோகிறார்கள். மலத்தில் ரத்தமும் சளியும் கலந்து வருவது பிந்திய அறிகுறி, அதற்காகக் காத்திருக்கக் கூடாது. சீக்கிரம் போனால் பெரும்பாலும் அறுவை இல்லாமலே ஆசனவாய் வழியாகக் காற்றோ திரவமோ செலுத்திக் குடலை விடுவித்துவிடலாம். தாமதமானால் குடல் அழுகும்.

108-ஐ அழைக்கும்போது தோட்டத்துக்குத் திரும்பும் இடத்தில் கோயிலோ பள்ளிக்கூடமோ இருந்தால் அதைச் சொல்லி, ஒருவரை டார்ச்சோடு அங்கே நிற்கவையுங்கள். வழியில் தொண்டை நனைக்கவென்று எதையும் புகட்டாதீர்கள். அறுவை தேவைப்பட்டால் வெறும் வயிறாக இருப்பது நல்லது. அழுகை வந்த நேரம், ஓய்ந்த நேரம், கடைசியாகப் பால் குடித்த நேரம் மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், அல்லது வீறிடும்போது ஒரு நிமிடம் ஃபோனில் வீடியோ எடுங்கள். கடைசியாக மலம் போன துணியைக் கழுவாமல் ஒரு பையில் கட்டி எடுத்துவாருங்கள்.